வசைச்சொல் அகராதியும் ஓசி மென்பொருளும்

மூட வேண்டாம், மூட வேண்டாம். நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். ரயில் திண்டுக்கல் வர இன்னும் நேரம் இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. மடியில் வைத்திருக்கிறீர்களே கணினி, அதில் என்ன போட்டிருக்கிறீர்கள்? விண்டோஸா? அப்பாடா. விலையுள்ள பொருளைப் புழங்குகிற மனிதரைப் பார்த்து மூன்று மாதமாகிறது. எங்கள் தெருவில் இப்போது எல்லாம் ஓசி.

நான் யாரையும் குறை சொல்கிறவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் பேச்சிநாதன். முனைவர் பேச்சிநாதன் என்பார்கள். நீங்கள் முனைவரை விட்டுவிட்டாலும் நான் கோபிக்க மாட்டேன், குறித்துக்கொள்வேன், அவ்வளவுதான். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். இந்தச் சட்டைப்பையில் இருக்கிறதே பென் டிரைவ், இதில் என் நூல் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குச் சென்னையில் பதிப்பாளர் கையில் கொடுக்க வேண்டும். பொருநைக் கரை வசைச்சொல் அகராதி. ஆயிரத்து நூற்றிருபது வசை. முக்கூடல் சந்தை, வீரவநல்லூர்த் தறிக்கூடம், ஆழ்வார்குறிச்சித் தண்ணீர்க் குழாயடி என்று எந்த ஊரில், எந்த வருஷம், யார் வாயிலிருந்து வந்தது என்பது வரைக்கும் அடைப்புக்குறிக்குள் உண்டு. 'மூதி' என்ற ஒரு சொல்லுக்கே ஒன்பது வகை. செத்த மூதி தனி, வெறுவாக்கெட்ட மூதி தனி. சும்மா இல்லை.

என் முதல் நூல். ஒரே நூல் என்றும் சொல்லலாம். என் துறையில் இருந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஏழு எட்டு போட்டார்கள். ஒருத்தர் கழிவறையில் உட்கார்ந்து எழுதினது போல இருக்கும், இன்னொருத்தர் எழுதினதை அவர் பெண்டாட்டியே பிரித்ததில்லை. நான் பொறுத்திருந்தேன். 'பேச்சி சார் பேசுவார், எழுத மாட்டார்' என்று ஓய்வறையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்காகத்தான் இந்த நூல்.

சரி, ஓசிக்கு வருகிறேன்.

ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் அச்செடுக்கக் கொடுத்த பென் டிரைவில் வைரஸ் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து சொருகினால், கணினியில் இருந்த கோப்புறை எல்லாம் மாயம். எல்லாவற்றுக்கும் பதிலாக ஒவ்வொரு குட்டி அம்புக்குறி. தொட்டால் ஒன்றும் திறக்கவில்லை. ஆயிரத்து நூற்றிருபது வசையும் உள்ளே. வெளியே சொல்ல ஒரு வசை கூட வரவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அமலோற்பவம். எங்கள் கல்லூரியில் கணினிக்கூடப் பொறுப்பாளர். நாற்பது வயசு இருக்கும். ஆசிரியர் கூட இல்லை, பொறுப்பாளர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் முன்னறையில் நாலைந்து பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு கட்டற்ற மென்பொருள், கட்டற்ற மென்பொருள் என்று பேசுவாள். கட்டற்ற! வேலியில்லாத தோட்டத்தில் என்ன விளையும், சொல்லுங்கள். வேறு வழியில்லாமல் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஃபைல் எல்லாம் பத்திரமாத்தான் இருக்கு சார். வைரஸ் மறைச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றாள். "இது ஒரிஜினல் விண்டோஸா சார்?"

"பின்னே?"

"இல்ல, அப்டேட்டே நடக்கல. அதான் கேட்டேன். கடைக்காரர் பில்லுல போட்டிருந்தாரா?"

பில்லில் எதற்குப் போட வேண்டும்? வீடு வாங்குகிறோம், ஜன்னலுக்குத் தனி விலையா கேட்கிறான்? கணினி வாங்கினேன், கடைக்காரன் ஒரு குறுந்தகட்டை உள்ளே விட்டு எடுத்தான், திரையில் வந்தது. பதினோரு வருஷம் ஓடியது. இதில் ஒரிஜினல் என்ன, நகல் என்ன? அதைச் சொன்னால் அவள் சிரிக்கிறாள். திருட்டைப் பற்றி எனக்கு வகுப்பெடுக்கிற முகம்.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுத் தாரேன் சார். வைரஸ் தொந்தரவு இருக்காது. பழைய மெஷினுக்கும் இது நல்லா ஓடும்."

"எவ்வளவு?"

"ஒண்ணும் இல்ல சார்."

அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். விலையில்லாத பொருளில் மதிப்பு எங்கே இருக்கும்? இதை எவன் செய்தான் என்று கேட்டேன். நிறையப் பேர் என்றாள். எந்தக் கம்பெனி? கம்பெனி இல்லை. சம்பளம்? பாதிப் பேருக்கு இல்லை. பிறகு எதற்குச் செய்தார்கள்? தோன்றியது, செய்தார்கள். புத்தி பிசகிய கோட்டிக்காரர்கள் கூட்டம் என்று புரிந்துவிட்டது. போட்டு முடித்துவிட்டு எதையோ தட்டிக் காட்டினாள். திரை நிறையப் பெயர். ஜப்பான்காரன், பிரேசில்காரன், நடுவிலே நம் ஊர்ப் பெயர் சிலது, தமிழாக்கம் செய்தவர்களாம். கல்யாணப் பத்திரிகையில் கடைசிப் பக்கம் சித்தி பெரியப்பா பெயரெல்லாம் போடுவார்களே, அந்த மாதிரி. ஒரு கமாவைத் திருத்தியவனுக்கும் அங்கே பெயர் உண்டு என்கிறாள்.

"இத யாரும் எடுத்துக்கலாம் சார். மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம், விக்கக்கூடச் செய்யலாம். செஞ்சவங்க பேரை மட்டும் தூக்கிறக் கூடாது. அதுதான் கண்டிஷன்."

"விற்கலாம், பெயரை மட்டும் எடுக்கக் கூடாதா? என்னம்மா கண்டிஷன் இது?"

"அது கூட இல்லன்னா அப்புறம் என்ன சார் இருக்கு?"

தத்துவம். சேரன்மகாதேவியில் கணினித் தத்துவம். நான் தலையை ஆட்டிவைத்தேன். வேலை ஆக வேண்டுமே.

வேலை ஆனதா? கேளுங்கள். வீட்டுக்கு வந்து நூலைத் திறந்தேன். என் நூல் எங்கே? பக்கம் பக்கமாக வெள்ளைக்காரன் எழுத்து, தலையில் இரண்டு புள்ளி, கீழே வால், நடுவில் கேள்விக்குறி. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அது என்னைத் திட்டுகிற மாதிரியே இருந்தது. ஆயிரத்து நூற்றிருபது திட்டு, ஒன்று கூடப் புரியவில்லை. தூக்கிக்கொண்டு மறுபடியும் ஓடினேன். நான் அமலோற்பவத்தைச் சொன்னதெல்லாம் இப்போது சொல்ல முடியாது, எதிர்ச் சீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அவள் பதறவே இல்லை. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு செய்தார்களாம். ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்த ஏற்பாடாம். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் மட்டும் தமிழாகத் தெரியும், மற்ற இடத்தில் குப்பை. "உள்ள இருக்கது நிஜத் தமிழே இல்ல சார், தமிழ் மாதிரி வேஷம்" என்றாள். எனக்கு! முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்கு!

"நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தாரேன் சார். எல்லாத்தையும் எந்த மெஷின்லயும் தெரியுற யூனிகோடுக்கு மாத்திரலாம். ரெண்டு ஞாயித்துக்கிழமை கொடுங்க."

இரண்டு ஞாயிறு அந்த முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். காபி கொடுத்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். சுமாரான காபி. மாற்றின ஒவ்வொரு பக்கத்தையும் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தாள். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த பெண்பிள்ளை, 'கட்டையில போவான்', 'பேதியில போவான்' என்று வரிசையாக வாசிக்கிறாள், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நடுநடுவே சிரிக்கிறாள். "இத எங்க அம்மாச்சி சொல்லுவா சார்" என்கிறாள். ஆய்வு நூலை வாசிக்கிற முறையா அது?

இரண்டாவது ஞாயிறு முடிந்தது. எல்லாம் தமிழாகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம்.

"அகர வரிசையும் ஒரு தடவை பாத்துருவோம் சார்" என்று ஒரு பொத்தானைத் தட்டினாள். தட்டிய கையை எடுக்கவில்லை, "முடிஞ்சுட்டு" என்றாள்.

என்ன முடிந்தது?

"வரிசை. பதினேழு சொல் இடம் மாறி இருந்திச்சு சார். சரியாயிட்டு."

நீங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். பதினேழு சொல் இடம் மாறி இருந்ததாம். பழைய எழுத்துருவில் கணினிக்கு அகர வரிசை தெரியாது. ககரம் எங்கே, ஙகரம் எங்கே, அது பாட்டுக்கு ஆங்கிலக் கணக்கில் அடுக்கிவைக்கும். அதனால் நானே கையால் அடுக்கினேன். ஒரு சொல்லை வெட்டுவது, மேலே போவது, இடம் தேடுவது, ஒட்டுவது. ஆயிரத்து நூற்றிருபது தடவை. மூன்று வருஷம். கழுத்து எலும்பு தேய்ந்து பட்டை போட்டுக்கொண்டு அடுக்கினேன். அந்த மூன்று வருஷத்தை அவள் ஒரு தட்டில் முடித்துவிட்டு, காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். அதுவும் என் வரிசையில் பிழை கண்டுபிடித்துவிட்டு!

அகராதி என்றால் என்ன? வரிசை. சொல் யாரிடமும் இருக்கிறது. குழாயடியில் நின்றால் வாளி நிறைய அள்ளலாம். வரிசைப்படுத்துகிறவன்தான் ஆசிரியன். இதை அவளிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"அப்போ சார், சொல்லு யாரு சேத்தது?"

"ஏன் கேட்கிறாய்?"

"இதுல இருக்கே." கோப்பு என்ற இடத்தைத் தொட்டு, பண்புகள் என்ற இடத்தைத் தொட்டாள். சின்னதாக ஒரு பெட்டி. ஆக்கியவர், ஆ. செல்லக்கண். நாள், 2003 ஜூன். "சார் நீங்க கம்ப்யூட்டர் வாங்கினதே அதுக்கு எத்தனையோ வருஷம் கழிச்சு, ரிட்டயர்மெண்ட் பணத்துலதானே?"

பாருங்கள் இந்த லினக்ஸின் லட்சணத்தை! விண்டோஸில் அதே கோப்பை எத்தனை ஆயிரம் தடவை திறந்திருப்பேன். ஒரு நாளாவது இந்தப் பெயரை என் முன்னால் கொண்டுவந்து நீட்டியதா? நாகரிகம் தெரிந்த மென்பொருள். அந்தப் பெட்டி அங்கேயும் இருக்கும் சார், நீங்கள் திறந்ததில்லை என்று அமலோற்பவம் சொல்கிறாள். அவள் அப்படித்தான் சொல்வாள்.

செல்லக்கண் யார் என்கிறீர்களா? யாரும் இல்லை. எங்கள் கல்லூரி நூலக உதவியாளன். புத்தகத்தை எடுத்துக் கொடுப்பான், திரும்ப வாங்கி அடுக்குவான். பத்தாவதோ என்னவோ படித்தவன். சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவான், சண்டை நடக்கிற இடத்தில் நிற்பான், பழைய நூலக அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வான். முக்கூடல் சந்தையில் அடிவாங்கிக்கொண்டு வந்தான் ஒரு தடவை. அப்போதும் அடித்தவன் சொன்ன சொல்லைக் குறித்து வைத்திருந்தான். இப்படி இருபது வருஷம். பிறகு பழைய கணினி ஒன்றை வாங்கி, ஒற்றை விரலால் எல்லாவற்றையும் தட்டி வைத்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டான். சிறுநீரகம்.

பதினாறாம் நாள் முடிந்து அவன் பெண்டாட்டி மாடத்தி வந்தாள், கையில் ஒரு குறுந்தகடு. "ஐயா, இவுக ராப்பகலா எழுதினது. எங்களுக்கு ஒண்ணும் புரியல. நீங்க படிச்சவுக, ஏதாவது பண்ணுங்க" என்றாள். ஏதாவது பண்ணுங்க. அவளே சொன்னது. பண்ணினேன். வரிசைப்படுத்தினேன். முகப்பில் என் பெயரைப் போட்டேன், முன்னுரை எழுதினேன். முன்னுரையில் 'உதவிய நூலக ஊழியர்கள் அனைவருக்கும் நன்றி' என்று ஒரு வரி இருக்கிறது. அனைவருக்கும் என்றால் அதில் அவனும் அடக்கம்தானே?

அதை அமலோற்பவத்துக்குக் காட்டினேன். வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள்.

"செல்லக்கண் அண்ணன் பேரு எங்க சார்?"

"அதுதான் அனைவருக்கும் என்று இருக்கிறதே."

"அட்டையில உங்க பேரும் போடுங்க சார், பதிப்பாசிரியர்னு. யாரு வேண்டாம்னா? அவரு பேரையும் போடுங்க. ஒரு வரி. மாடத்தி அக்காட்ட ஒரு புஸ்தகத்தக் கொண்டு குடுத்தா, அந்த வரியத் தடவிப் பாப்பாங்க சார். அவங்களுக்கு அந்தப் பேரு மட்டும் வாசிக்கத் தெரியும்."

நான் யாரையும் குறை சொல்கிறவன் இல்லை. ஆனால் ஓசியில் பொருள் கொடுக்கிறவர்களுக்கு இந்தப் புத்தி வந்துவிடுகிறது. காசு வாங்கியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள். காசு வாங்காததால் உபதேசம் பண்ண உரிமை வந்துவிடுகிறது.

"அந்தப் பெட்டியில் இருக்கிற பெயரை எடுத்துவிடு" என்றேன்.

"அத நான் செய்ய மாட்டேன் சார். பூட்டுல்லாம் போடல, திறந்துதான் இருக்கு. நீங்களே எடுத்துக்கலாம்."

"எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும் சார். ஆனா செய்ய மாட்டேன்" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. கோப்பை இந்தப் பென் டிரைவில் போட்டு, கையில் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். பணிவில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

வீட்டில் நானே முயற்சி செய்தேன். எதையோ தொட்டேன், இருபது பக்கம் போய்விட்டது. எதையோ தொட்டேன், திரும்ப வந்தது. பிறகு கை வைக்கப் பயமாகிவிட்டது. கடைக்காரனிடம் போய் விண்டோஸைத் திரும்பப் போடு என்றால், இந்தக் கிழட்டு மெஷின் தாங்காது என்கிறான். ஆக, வீட்டில் இன்னும் லினக்ஸ்தான் ஓடுகிறது. ஒரு நாளாவது நின்றால் தூக்கித் தெருவில் போடலாம். நிற்க மாட்டேன் என்கிறது, மூதி.

இதில் ஒரு சிக்கல். பதிப்பாளர் எங்கள் கல்லூரியில் படித்தவர். செல்லக்கண் கையால் புத்தகம் வாங்கிப் படித்தவர். நாளைக்கு அவர் அந்தப் பெட்டியைத் திறந்தால் என்ன ஆகும்? என் நூல் இருக்குமா?

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கடைசியில் சத்தியம் என் பக்கம்தான். அமலோற்பவமே எனக்கு ஆதாரம் எடுத்துக் கொடுத்தாள், அவளுக்கே தெரியாமல். அன்றைக்கு வாசல்படியில் நின்றுகொண்டு கேட்டாள்: "சார், நாப்பத்தோரு எடத்துல பே.நா., கல்லூரி நூலகம்னு போட்டிருக்கே. அது நீங்களா?"

எனக்கே தெரியாது. முழுக்க எங்கே வாசித்தேன்? முதலெழுத்தைப் பார்த்து அடுக்கினேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து தேடினேன். நாற்பத்தொன்றும் நான் சொன்னது! 'கரையான் பார்த்துக் கைவிட்ட ஏடு.' நான் சொன்னது. 'பிழைதிருத்தப் பட்டியலுக்குப் பிறந்தவன்.' நான் சொன்னது. நாள், மாதம், வருஷம் எல்லாம் குறித்திருக்கிறான். ஒரே நாளில் ஐந்து கூட இருக்கிறது. சந்தையும் குழாயடியும் பழைய வசையைத்தான் கொடுத்தன. புதிதாக ஆக்கிக் கொடுத்தவன் நான் ஒருவன். அப்படியென்றால் ஆக்கியவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்க வேண்டும்? நியாயத்தைச் சொல்லுங்கள்.

அதனால்தான் உங்களைத் தொந்தரவு செய்கிறேன். இந்தாருங்கள், இதைச் சொருகுங்கள். வைரஸ் கிடையாது, ஓசிக்காரி சுத்தம் செய்து கொடுத்தது. திறந்துவிட்டதா? கோப்பு. அதற்குள் பண்புகள். இருக்கிறதா பெட்டி? ஆ. செல்லக்கண். ஆமாம், அதேதான். அதை அழித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். முனைவர் சேர்த்து.

என்ன வாசிக்கிறீர்கள்? அகராதியை அப்புறம் அச்சில் வாசிக்கலாம், ஒரு பிரதி அனுப்புகிறேன். சிரிக்கிறீர்களே! எந்தச் சொல்? காட்டுங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். 'வெற்றட்டை. மேலே பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாத ஆள். பே.நா., கல்லூரி நூலகம், 12.8.1998.' என் சொல்! பார்த்தீர்களா, என் சொல்லுக்குத்தான் சிரித்திருக்கிறீர்கள். எப்படிப்பட்ட வசை, பாருங்கள்.

யாரைச் சொன்னேனா? செல்லக்கண்ணைத்தான். ஏதோ புத்தகத்தை எடுத்துக் கொடுக்க நேரமாக்கினான். நாற்பத்தொன்றும் அவனைச் சொன்னதுதான். வேறு யாரைச் சொல்ல? மற்றவன் எல்லாம் திருப்பிப் பேசுவான். இவன் பேச மாட்டான். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுப்பான், என் முன்னாலேயே எழுதுவான், எழுதி முடித்துவிட்டு, 'ஒரு தடவ திரும்பச் சொல்லுதீயளா சார், சரியாக் கேக்கல' என்பான். நானும் திரும்பச் சொல்வேன்.

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? திண்டுக்கல் வந்துவிட்டதா? அந்தப் பெயரை எடுத்தீர்களா? பென் டிரைவை எதற்குக் கையில் திணிக்கிறீர்கள்? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் ஐயா, அழித்தீர்களா, இல்லையா? எனக்குத் திறந்து பார்க்கத் தெரியாதே, நான் எப்படி நாளைக்கு... தலையை ஆட்டுகிறீர்கள். ஆமாம் என்றா, இல்லை என்றா?

எதிர்ச் சீட்டில் இருப்பவர்களே, நீங்களாவது பாருங்கள், இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறார். வாயில் ஒரு சொல் வருகிறது. இதுவரைக்கும் எவனும் சொல்லாத சொல். நாற்பத்திரண்டாவது. எழுதிக்கொள்ள ஆள் இல்லை.